கரப்பானின் ஹார்மோன் செல்கள் உண்மையிலேயே ஒன்றாகத் துடிக்கின்றனவா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பூச்சி மூளையில் ஹார்மோன் சுரக்கும் நரம்புச் செல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. பட்டுப்பூச்சியில் பாம்பிக்சின் சுரப்பவை 4 ஜோடி, முன்மார்புச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பவை 2 ஜோடி. பழ ஈயில் இன்சுலின் வகை ஹார்மோனுக்கு ஏறத்தாழ 14 செல்கள். இவ்வளவு சிறிய கூட்டம் உடல் முழுக்க ஓடும் இரத்தத்தில் ஹார்மோன் அளவை உயர்த்த வேண்டுமானால், செல்கள் தனித்தனியே எப்போதோ ஒரு ஸ்பைக் (நரம்பின் மின்துடிப்பு) விடுவது போதாது. கொத்துக் கொத்தாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட, அதாவது ஸ்பைக் விட வேண்டும். அந்த ஒத்தியக்கத்தைத்தான் பதிவு செய்யப் பார்க்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், ஆய்வகத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாமே பொய்யான ஒத்தியக்கத்தை உண்டாக்கக்கூடியவை. சுவர் மின்சாரம், சொட்டும் சலைன், மூச்சுத் திணறும் மூளை, ஒப்பீட்டுக்காகச் சலைனில் வைக்கும் பொதுவான ஒரு ரெஃபரன்ஸ் கம்பி என்று எதுவும் இரண்டு சேனல்களில் ஒரே நேரத்தில் தெரியும். ஆகவே இந்த வழிமுறை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே போகிறது: திரையில் தெரியும் ஒற்றுமை செல்களுடையதா, கருவியுடையதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற கடலோர ஊரில் எளிதில் கிடைக்கும் அமெரிக்கக் கரப்பானை வைத்தே எழுதியிருக்கிறோம். மூளையின் நடுப்பகுதியில் உள்ள நரம்புச் சுரப்புச் செல்கள், அங்கிருந்து கிளம்பும் என்.சி.சி. 1 நரம்பு, அது போய்ச் சேரும், ஹார்மோனைச் சேமித்து இரத்தத்தில் விடும் உறுப்பான கார்பஸ் கார்டியாக்கம் ஆகிய மூன்றும்தான் களம். வெட்டுக்கிளியிலும் இதே வரிசையில் சரிபார்க்கலாம்.

முதலில் எது சரியான நிலை

பிழையைத் தேடுமுன் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஒரு லிட்டர் சலைனுக்கு: சோடியம் குளோரைடு 11.69 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.231, இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 0.735, ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் குளோரைடு 0.813, சுக்ரோஸ் 17.1, ஹெப்பஸ் 2.38 கிராம். பி.எச். 7.4. கால்சியத்தைக் கடைசியில் சேருங்கள். கால்சியம் பாட்டில் கடலோர ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகியிருந்தால் அதை எடை போட்டுப் பயனில்லை; எடையில் பாதி தண்ணீராக இருக்கலாம். 1 மோலார் கரைசலாக ஒரு முறை தயாரித்து வைத்துக்கொண்டு, ஒரு லிட்டருக்கு 5 மி.லி. ஊற்றுவது நம்பகமானது.

கண்ணாடி உறிஞ்சு மின்முனை, வெளிவிட்டம் 1.5 மி.மீ. குழாயில் இழுத்தது. முனையை உடைத்து, சூட்டில் மழுக்கி, உங்கள் நரம்பின் விட்டத்துக்குச் சற்றே குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. பூச்சுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஜிக் (வீட்டு ப்ளீச்) போதும்: கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்தால் ஊதா கலந்த சாம்பல் நிறம் வரும். வாசனை சேர்த்த வகையும் கெட்டியான வகையும் வேண்டாம். அவற்றில் உள்ள சோப்புப் பொருள் கம்பியில் ஒட்டிக்கொண்டு பிறகு நரம்புக்குப் போகும்.

பெருக்கம் 1,000 முதல் 10,000 மடங்கு. கீழ் எல்லை ஃபில்டர் 1 ஹெர்ட்ஸ், மேல் எல்லை 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ், பதிவு வேகம் வினாடிக்கு 10,000 புள்ளிகள். இதில் அந்த 1 ஹெர்ட்ஸ்தான் மிக முக்கியம். காரணம் கீழே வருகிறது.

அறிகுறி: திரை முழுக்கத் தடித்த பட்டை, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு அலை

இது 50 ஹெர்ட்ஸ் சுவர் மின்சாரம். அலையின் இடைவெளியை அளந்து உறுதி செய்யுங்கள். 20 மில்லிசெகண்டாக இருந்தால் சுவர். 6.7 அல்லது 4 மில்லிசெகண்டாக இருந்தால் மூன்றாம், ஐந்தாம் மடங்கு அலைகள். இவை பெரும்பாலும் மலிவான இன்வெர்ட்டரிலிருந்து வருபவை. லோட் ஷெடிங் காலத்தில் வாங்கி வைத்த பேட்டரி இன்வெர்ட்டர்கள் மின்வெட்டு இல்லாத மாதங்களிலும் அதே மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுத்தமான சைன் அலை தராத இன்வெர்ட்டரை முன்பெருக்கியின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. முன்பெருக்கியை மட்டும் 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓட்ட முடிந்தால் இந்தத் தலைவலியில் பாதி அப்போதே போய்விடும்.

அடுத்து பிளக்கைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சுவரில் மூன்று பெரிய உருண்டைக் கால். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியில் பெரும்பாலும் வேறு கால். நடுவில் செருகும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பே கிடையாது. நுண்ணோக்கி விளக்கு, பெருக்கி, கணினி மூன்றும் மூன்று அடாப்டர்களில் இருந்தால் மூன்றும் மூன்று வேறு எர்த் நிலையில் மிதக்கும். எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி, கூண்டு, மேசைத் தகடு, நுண்ணோக்கி உடல், நுண்நகர்த்தி ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிக் கம்பி எடுத்து, பெருக்கியின் எர்த் முனை ஒன்றிலேயே சேர்க்கவும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி போட வேண்டாம். இரைச்சல் குறைகிறதே என்று பிளக்கின் எர்த் காலைக் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உப்புத்தண்ணீர் நிறைந்த மேசையில் அது உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது.

50 ஹெர்ட்ஸை வெட்டும் நாட்ச் ஃபில்டரை அழுத்திவிட்டால் என்ன என்று தோன்றும். சாதாரண மோட்டார் நரம்புப் பதிவில் அது பெரிய கேடு செய்யாது. இங்கே செய்யும். நரம்புச் சுரப்புச் செல்லின் ஸ்பைக் 10, 15 மில்லிசெகண்ட் அகலமானது. அதன் ஆற்றலின் பெரும்பங்கு 50 ஹெர்ட்ஸைச் சுற்றியே கிடக்கிறது. நாட்ச் போட்டால் ஸ்பைக் சுருங்குவதோடு, பின்னால் அதிரும் வாலும் முளைக்கும். அந்த வாலைச் சில மென்பொருள்கள் இரண்டாவது ஸ்பைக்காக எண்ணிவிடும். இரைச்சலை வயரில்தான் கொல்ல வேண்டும், ஃபில்டரில் அல்ல.

இன்னும் போகவில்லையா? எல்லா விளக்கையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்.ஈ.டி. வளைய விளக்கின் மங்கல் குமிழ் பல நேரம் குற்றவாளி. கைப்பேசி 217 ஹெர்ட்ஸில் துடிக்கும் கொத்துகளைத் தரும். அறைக்கு வெளியே வையுங்கள்.

அறிகுறி: சுத்தமான கோடு, ஆனால் ஸ்பைக்கே இல்லை

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

கீழ் எல்லை ஃபில்டர் 300 ஹெர்ட்ஸில் நிற்கிறது. வேகமான நரம்புகளுக்காகச் செய்யப்பட்ட பெருக்கிகளில் இதுவே வழக்கமான அமைப்பு. 300 ஹெர்ட்ஸின் கால மாறிலி அரை மில்லிசெகண்ட்தான். 15 மில்லிசெகண்ட் மெதுவாக ஏறி இறங்கும் ஸ்பைக்கை அது முழுதாக நசுக்கிவிடும். மிஞ்சுவது இரைச்சலுக்குள் மறையும் சின்ன நெளிவு. 1 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். கோடு அலைந்தால் 5 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

இரண்டாவது, சீல் இல்லை. நரம்பை உறிஞ்சுமுன்னும் பின்னும் மின்முனையின் தடையை அளந்து பாருங்கள். உறிஞ்சியதும் தெளிவாக உயர வேண்டும். உயரவில்லையென்றால் முனை அகலம், நரம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே சலைன் ஓடி, சிக்னல் அந்த வழியே கசிந்துவிடுகிறது. ஈரமான நாட்களில் மின்முனைப் பிடியின் வெளிப்புறத்தில் வியர்க்கும் நீர்ப்படலமும் இதே கசிவைத் தரும். பிடியைத் துடைத்து உலர்த்தி, பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.

மூன்றாவது, பிடித்திருப்பது நரம்பே அல்ல, மூச்சுக்குழல். காற்று நிறைந்த மூச்சுக்குழல் வெள்ளிபோல மினுங்கும், அதில் வளையக் கோடுகள் தெரியும். கார்பஸ் கார்டியாக்கத்தை மேலிருந்து சாய்வாக ஒளி விழச் செய்து பார்த்தால் நீலம் கலந்த பால் வெண்மையாக இருக்கும். நரம்புச் சுரப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மூளையை நோக்கிப் பின்னால் போனால் என்.சி.சி. 1 கிடைக்கும். மூளையிலிருந்து தொடங்கித் தேடுவது கடினம்.

அறிகுறி: ஸ்பைக் இருக்கிறது, ஆனால் ஒல்லி

1, 2 மில்லிசெகண்ட் அகலம் மட்டுமே இருந்தால் நீங்கள் கேட்பது வேறு ஒரு நரம்பணுவை. ஹார்மோன் செல்களின் ஸ்பைக் அகலமாக இருப்பதற்குக் காரணம், அதில் சோடியத்தோடு கால்சியமும் நுழைகிறது. அந்தக் கால்சியம்தான் ஹார்மோன் பையைத் திறக்கிறது. ஃபின்லேசனும் ஆஸ்பர்னும் 1970இல் குச்சிப்பூச்சியின் நரம்புகள்மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பு உறுப்புகளிலிருந்து இப்படிப்பட்ட நீண்ட ஸ்பைக்குகளைப் பதிவு செய்து காட்டினார்கள். புதிதாகக் கற்பவர்களுக்குக் குச்சிப்பூச்சியையே பரிந்துரைப்போம். அங்கே இந்தச் செல்கள் மூளைக்குள் ஒளிந்திராமல் உடலோர நரம்புகளில் வெளியே இருக்கின்றன. அகல ஸ்பைக் எப்படி இருக்கும் என்று கண் பழகும்.

கரப்பானில் ஒல்லி ஸ்பைக் வந்தால் பெரும்பாலும் பக்கத்திலுள்ள குடல் நரம்பு மண்டலத்தின் கிளையைச் சேர்த்து உறிஞ்சியிருப்பீர்கள். மெல்ல ஊதி வெளியே விட்டு, நரம்பைத் தனியே பிரித்து மறுபடி பிடியுங்கள். உறுதி செய்ய: சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கும் டெட்ரோடோடாக்சினை 1 மைக்ரோமோலார் விட்டால் ஒல்லி ஸ்பைக்குகள் முழுதாக மறையும். கார்பஸ் கார்டியாக்கத்தின் மேலேயே மின்முனை இருந்தால், முனைகளைச் சற்றுத் தூண்டும்போது கால்சியத்தால் ஆன மெதுவான ஸ்பைக் அப்போதும் எஞ்சக்கூடும். டெட்ரோடோடாக்சின் நரம்பு நச்சு; கையுறை, தனிக் கழிவுப் பாட்டில் இல்லாமல் திறக்க வேண்டாம்.

அறிகுறி: எல்லாச் செல்களும் சேர்ந்து வேகமெடுத்து, பிறகு எல்லாம் சேர்ந்து அமைதி

பார்க்க அற்புதமாக இருக்கும். ஒத்தியக்கத்துக்கு இதைவிட நல்ல படம் கிடையாது என்று தோன்றும். ஆனால் இது சாகும் மூளை.

பூச்சியின் மூளைக்கு ஆக்சிஜன் இரத்தம் வழியே போவதில்லை. மூச்சுக்குழல்கள் நேரே காற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. தலையைத் திறந்து சலைனில் மூழ்கடித்ததும் அந்தக் குழல்களில் தண்ணீர் ஏறுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அயனிகளைத் திருப்பித் தள்ளும் பம்புகள் நிற்கும். செல்களுக்கு வெளியே பொட்டாசியம் ஏறும். எல்லாச் செல்களும் ஒன்றாகத் தூண்டப்படும், ஒன்றாகச் சுடும், ஒன்றாக ஓயும். வெட்டுக்கிளி நரம்பு முடிச்சுகளில் இந்தப் பொட்டாசிய அலை பரவுவது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். பொட்டாசியம் எல்லோரையும் தள்ளியதை வைத்து, செல்கள் ஒன்றையொன்று கேட்டுப் பேசின என்று எழுத முடியாது.

அடையாளம்: வேகம் படிப்படியாக ஏறி, ஸ்பைக்கின் உயரம் அதே நேரத்தில் குறைந்துகொண்டே வரும். உண்மையான கொத்தில் உயரம் ஓரளவு குறைந்தாலும் கொத்து முடிந்ததும் திரும்பி வரும். இங்கே வராது, அல்லது ஆக்சிஜன் கொடுத்த பிறகே மெல்ல வரும்.

தீர்வு: தலையைத் திறக்கும்போது பெரிய மூச்சுக்குழல் தண்டுகளை வெட்டாமல், உடலோடு இணைந்தபடி விடுங்கள். உடலின் பக்கவாட்டு மூச்சுத்துளைகள் நீருக்கு மேலே இருக்கட்டும். மெழுகு அல்லது சிலிகோன் தடுப்பு வைத்து தலைப்பகுதியில் மட்டும் சலைன் நிற்கச் செய்யலாம். சலைன் மூளையை மூடும் அளவு மெல்லிய படலமாக இருந்தால் போதும். கரைசலில் முன்கூட்டியே ஆக்சிஜன் குமிழிவிடுங்கள். வெப்பம் 20 முதல் 22 டிகிரி. கோடையில் குளிர்விப்பு இல்லாத டர்பன் அறையில் 29 டிகிரி எளிதாக வரும். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் செலவும் கூடும், கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். மயக்கத்துக்கு ஐஸ் மட்டும், 10 முதல் 20 நிமிடம். கார்பன் டை ஆக்சைடு வேண்டாம்.

அறிகுறி: சில வினாடிகளுக்கு ஒருமுறை அச்சுப் பிசகாத கொத்து

உயிருள்ள கொத்துகளின் இடைவெளி கூடிக் குறையும். கடிகாரம்போல் சீராக இருந்தால் கருவியைச் சந்தேகியுங்கள். சொட்டுச் சொட்டாகச் சலைன் விழும் அமைப்பில், ஒவ்வொரு சொட்டும் குழாய்க்கும் கிண்ணத்துக்கும் இடையே மின்தொடர்பை உண்டாக்கி அறுக்கிறது. குழாயைப் பத்து நிமிடம் மூடுங்கள். கொத்து நின்றால் விடை கிடைத்துவிட்டது. குழாய் முனையைக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டவைத்து, சொட்டாமல் வழிந்தோடச் செய்யவும். நிமிடத்துக்கு 1 முதல் 2 மி.லி. போதும். உறிஞ்சி வெளியேற்றும் பக்கம் களக் களக் என்று காற்றோடு இழுத்தாலும் இதே கதிதான். அங்கே ஒரு காகிதத் திரி வைக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசர் ஓடி நிற்பது நிமிடக் கணக்கில் வரும். நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். உணவுக்குழலின் அலையசைவும் இதயத் துடிப்பும் நரம்பையே இழுத்து ஆட்டும். மின்முனைக்குள் நரம்பு அசைவதை நுண்ணோக்கியில் பாருங்கள். அசைந்தால் உணவுக்குழலை முன்னும் பின்னும் வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும் கார்பஸ் கார்டியாக்கத்தைக் கிள்ளிவிடாமல்.

இனி, அதிகம் பேர் யோசிக்காத காரணம். கரப்பான் எங்கிருந்து வந்தது? அடுக்குமாடிக் குடியிருப்பின் வடிகாலிலிருந்து பிடித்ததென்றால் அது பைரெத்ராய்டு மருந்து அடித்த இடமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பைரெத்ராய்டு சோடியம் வாயில்களை மூடவிடாமல் தாமதப்படுத்தும். அதனால் ஒரு ஸ்பைக்குக்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று என்று நரம்பு தானாகக் கொத்துவிடும். கொல்லும் அளவுக்குக் கீழே உள்ள மிச்சமே போதும். பிடித்த பூச்சியில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள். முட்டைக்கூடு எடுத்து, மருந்து படாத பெட்டியில், நாய்த் தீனியும் தண்ணீரும் கொடுத்து வளர்த்து, அடுத்த தலைமுறையைப் பயன்படுத்துங்கள். பல மாதம் ஆகும். வேறு குறுக்கு வழி இல்லை. வளர்க்கும்போது 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று கடிகாரம் வைத்து, எப்போதும் நாளின் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். கரப்பான் இரவுப் பூச்சி. அதன் உள்கடிகாரம் நாம் தேடும் செல்களையும் தொடுகிறது. தோல் உரித்து இன்னும் வெள்ளையாக இருக்கும் பூச்சியை ஒதுக்குங்கள், அதன் ஹார்மோன் நிலை முற்றிலும் வேறு.

அறிகுறி: இடது, வலது மின்முனைகளில் மிகக் கச்சிதமான ஒரே நேர ஸ்பைக்

இங்கேதான் நிதானம் வேண்டும். வரிசையாகப் போங்கள்.

நேர இடைவெளியை முதலில் பாருங்கள். இடைவெளி சரியாகச் சுழியம், இரண்டு பக்கமும் ஒரே வடிவம், ஒரு பக்கம் மட்டும் உயரம் குறைவு என்றால் அது கசிவு. இரண்டு கம்பிகளையும் தள்ளிவைத்து, நடுவில் வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) கரை கட்டுங்கள். இரண்டிலும் ஒரே வடிவம் தலைகீழாக வந்தால் ரெஃபரன்ஸைச் சந்தேகியுங்கள்: இரண்டு சேனலும் ஒரே ரெஃபரன்ஸ் கம்பியைப் பகிர்ந்து, அந்தக் கம்பி சுறுசுறுப்பான ஒரு நரம்பின் அருகே இருந்தால், அந்த நரம்பின் ஸ்பைக் இரண்டு சேனலிலும் ஒரே கணத்தில் பதியும். ரெஃபரன்ஸை வேறு மூலைக்கு நகர்த்துங்கள். வடிவமோ உயரமோ மாறினால் பிழை அங்கே. மூன்றாவது மின்முனை ஒன்றை நரம்பு எதையும் தொடாமல் கிண்ணத்தில் தொங்கவிட்டு அதையும் பதிவு செய்வது எங்கள் பார்வையில் கட்டாயம். அதில் தெரியும் எதையும் செல்லின் குரலாக எண்ணக் கூடாது.

இரண்டு மின்முனைகளும் ஒரே நரம்பின் வெவ்வேறு இடங்களில் இருந்தால், ஒரே ஆக்சானின் (செல்லிலிருந்து நீளும் நரம்பிழையின்) ஒரே ஸ்பைக் இரண்டிலும் பதியும். அப்போது இடைவெளி மாறாமல் நிற்கும். இந்த மெல்லிய ஆக்சான்களின் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் கீழே. வினாடிக்கு 0.3 மீட்டர் என்று வைத்தால் 2 மி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். ஒவ்வொரு முறையும் அதே 7 வந்தால் நீங்கள் பார்ப்பது ஒரு செல், இரண்டல்ல.

இடமும் வலமும் தனித்தனி நரம்பில் இருந்தாலும் ஒரே செல்லாக இருக்க முடியுமா? முடியும். நடுப்பகுதிச் செல்களின் ஆக்சான்கள் மூளைக்குள் எதிர்ப்பக்கம் கடந்து போகின்றன. ஓர் ஆக்சான் கிளைத்து இரண்டு பக்கமும் போனால் இரண்டு மின்முனையிலும் அதுவே தெரியும். சோதனை: இடது நரம்பைத் தனிமைப்படுத்திய தூண்டியால் தூண்டுங்கள். வலதுபக்கம் மாறாத தாமதத்தோடு, அடுத்தடுத்த இரட்டைத் தூண்டலிலும் தவறாமல் பதில் வந்தால் கிளைத்த ஆக்சான் என்று கொள்ளலாம். தாமதம் ஆடி, வேகமாகத் தூண்டும்போது பதில் விடுபட்டால் இரண்டு செல்கள், நடுவே ஏதோ இணைப்பு. இடது நரம்பை வெட்டிப் பார்ப்பதும் உதவும். வெட்டிய பிறகும் வலதுபக்க ஸ்பைக் அப்படியே தொடர்ந்தால் அது இடதிலிருந்து கசிந்ததல்ல என்பதாவது உறுதி.

இவ்வளவும் தாண்டிய பிறகுதான் கணக்கு. இரண்டு செல்களும் தலா வினாடிக்கு 0.5 ஸ்பைக், 10 நிமிடப் பதிவு என்றால் ஒவ்வொன்றிலும் 300 ஸ்பைக். முன்பின் 20 மில்லிசெகண்டுக்குள் விழுவதை ஒரே நேரம் என்று வைத்தால், தற்செயலாகவே எதிர்பார்க்க வேண்டிய எண்ணிக்கை 300 × 300 × 0.04 ÷ 600, அதாவது 6. உங்களுக்கு 9 கிடைத்தால் ஒன்றுமில்லை. 40 கிடைத்தால் பேசலாம். ஆனால் கவனம்: இந்தக் கணக்கு ஸ்பைக்குகள் சிதறி விழும்போதே பொருந்தும். கொத்தாகச் சுடும் செல்லில் ஒரு கொத்து தற்செயலாக ஒத்துப்போனாலே பத்துப் பதினைந்து பொருத்தம் சேர்ந்துவிடும். அங்கே ஸ்பைக்கை எண்ணாதீர்கள்; ஒவ்வொரு கொத்தின் தொடக்கத்தை ஒரு நிகழ்வாக எண்ணுங்கள். கூடவே ஒரு சேனலின் பதிவை 30 வினாடி, 60 வினாடி என்று நகர்த்தி அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுங்கள். நகர்த்திய பிறகும் எண்ணிக்கை குறையாமல் நின்றால் இரண்டு செல்களும் வெப்பம் போன்ற ஒரு பொதுவான மெதுவான மாற்றத்தோடு ஏறி இறங்குகின்றன, அவ்வளவே.

அறிகுறி: கிராஸ் கோரிலேஷன் படத்தின் நடுவில் பள்ளம்

ஒரு செல்லின் ஸ்பைக்குக்கு முன்னும் பின்னும் மற்றதன் ஸ்பைக்குகள் எத்தனை விழுகின்றன என்று காட்டும் படம் இது. ஒரே மின்முனையில் இரண்டு செல்களைப் பிரித்தெடுக்கும்போது இந்தப் பள்ளம் வரும். ஒன்றையொன்று அடக்குகின்றன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்பைக் 15 மில்லிசெகண்ட் அகலம். இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மென்பொருளுக்குத் தெரியாத மூன்றாவது வடிவம் ஆகிறது. அல்லது முதல் ஸ்பைக்குக்குப் பின் சிறிது நேரம் எதையும் எண்ணாத அமைப்பில் இரண்டாவது விடுபடுகிறது. மிக வலுவான ஒத்தியக்கமே பள்ளமாகத் தெரியும். உயரம் இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமான ஒரு ‘மூன்றாவது செல்’ பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த நிகழ்வுகளை இரண்டு செல்லுக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்து மறுபடி வரையுங்கள். முடிந்தால் ஒவ்வொரு செல்லையும் தனி மின்முனையில் எடுப்பதே நல்லது.

அறிகுறி: அதிக மெக்னீசியத்திலும் ஒத்தியக்கம் போகவில்லை

கால்சியம் 0.5 மில்லிமோலார், மெக்னீசியம் 20 மில்லிமோலார், அதற்கு ஈடாகச் சோடியம் குளோரைடைக் குறைத்த சலைன் சினாப்ஸ் (செல்கள் வேதிப்பொருளால் பேசும் சந்திப்பு) வழிச் செய்தியை நிறுத்தும். மேலிருந்து பொதுவான உத்தரவு வந்து செல்கள் சேர்ந்து சுட்டிருந்தால் ஒத்தியக்கம் கலைய வேண்டும்.

கலையவில்லையென்றால் மின்இணைப்பு, அதாவது செல்லுக்குச் செல் மின்னோட்டம் நேரே பாயும் தொடர்பு, என்று உடனே எழுதாதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மூளையைச் சுற்றிய உறை அயனிகளை எளிதில் விடாது. 20 நிமிடமாவது ஓடவிட வேண்டும். கார்பஸ் கார்டியாக்கத்தில் உள்ள நரம்பு முனைகள் அந்த உறைக்கு வெளியே இருப்பதால் அங்கே கரைசல் சீக்கிரம் வேலை செய்யும். ஆகவே முதல் சில நிமிடங்களில் நீங்கள் பார்ப்பது முனைகளின் மாற்றம், செல் உடல்களுடையது அல்ல. இரண்டையும் குழப்பினால் முடிவே தலைகீழாகும். கரைசல் மூளைக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்: உணர்கொம்பைத் தொட்டால் வரும் பதில் மறைந்ததா என்று பாருங்கள். அது இன்னும் வந்தால் சினாப்ஸ் இன்னும் வேலை செய்கிறது.

சாட்சி மறைந்து, கிராஸ் கோரிலேஷன் படத்தின் நடுவில் குறுகிய உச்சம் மட்டும் நின்றால் மின்இணைப்பைப் பற்றிப் பேசலாம். மின்இணைப்பை அடைக்கும் கார்பெனாக்சலோன், 100 மைக்ரோமோலார், அடுத்த படி. அது வேறு அயனி வாயில்களையும் தொடும் மருந்து. எனவே ஸ்பைக் வடிவமும் ஒவ்வொரு செல்லின் வேகமும் மாறாமல் ஒத்தியக்கம் மட்டும் குலைந்தால்தான் அதற்கு மதிப்பு.

அறிகுறி: அழகான கொத்துகள், ஆனால் ஹார்மோன் அளவில் ஒன்றுமில்லை

முதலில், சரியான நரம்பிலிருந்து சரியான ஹார்மோனை எதிர்பார்க்கிறீர்களா? கரப்பானின் கார்பஸ் கார்டியாக்கத்திலிருந்து 1989இல் பிரித்தெடுக்கப்பட்ட கோரசோனின் என்ற ஹார்மோன், மூளையின் பக்கவாட்டுச் செல்களில் உருவாகி என்.சி.சி. 2 என்ற வேறு நரம்பு வழியே வருவது. மின்முனை என்.சி.சி. 1இல் இருக்க, கோரசோனினைத் தேடிப் பயனில்லை. பட்டுப்பூச்சி வகைகளில் இந்த இரண்டு நரம்பும் சேர்ந்தே ஓடும் என்பதால் அங்கே எழுதிய வழிமுறையைக் கரப்பானுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொழுப்பைத் திரட்டும் ஏ.கே.எச். வகை ஹார்மோன்களோ மூளைச் செல்களிலிருந்து வருவதே இல்லை. கார்பஸ் கார்டியாக்கத்தின் சொந்தச் சுரப்பிச் செல்கள் அவற்றைச் சுரக்கின்றன. ஓர்ச்சர்டும் லவ்டனும் 1981இல் வெட்டுக்கிளியில் அந்தச் செல்களுக்கான நரம்புக் கட்டுப்பாட்டைக் காட்டினார்கள். இந்தப் பெப்டைடு குடும்பத்தைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்புவோர், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கெர்ட் கேடே (Gerd Gäde) பல பூச்சி இனங்களில் செய்த வேலையிலிருந்து தொடங்கலாம்.

நரம்பு சரியென்றால் கிண்ணத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 மி.லி. ஓடும் சலைனில் ஹார்மோன் கரைந்து காணாமல் போகும். ஓட்டத்தை நிறுத்தி, கார்பஸ் கார்டியாக்கத்தை மட்டும் வாஸ்லின் கரைக்குள் 50 மைக்ரோலிட்டரில் வைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து மாற்றுங்கள். பெப்டைடுகள் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும், 0.1 சதவீத மாட்டு ஆல்புமின் சேர்த்தால் குறையும். எடுத்த மாதிரி உடனே ஐஸில்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இன்னொரு கரப்பானின் வயிற்றுப்பகுதியைக் கீழ்ப்பக்கமாகத் திறந்து, குடலை எடுத்துவிட்டு, முதுகோடு ஒட்டிய இதயத்தைச் சலைனில் துடிக்கவிட்டு, மாதிரியை விட்டு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். முதலில் சலைன் மட்டும், பிறகு கார்பஸ் கார்டியாக்கம் ஒரு ஜோடியை அரைத்த சாறு, பிறகு உங்கள் மாதிரி. சாறுக்கே இதயம் வேகமெடுக்கவில்லையென்றால் அந்த இதயத்தைத் தூக்கிப் போட்டு வேறொன்று தயார் செய்யுங்கள். சாறுக்கு வேகமெடுத்து, மாதிரிக்கு எடுக்கவில்லையென்றால், 100 மில்லிமோலார் பொட்டாசியம் சலைனை 5 நிமிடம் விட்டு எடுத்த திரவத்தைச் சோதியுங்கள். வெறும் பொட்டாசியம் சலைனும் இதயத்தை மாற்றும் என்பதால் அதையும் தனியே விட்டு ஒப்பிட வேண்டும். பொட்டாசியத்துக்கும் ஒன்றும் வராவிட்டால் சேமிப்பு ஏற்கெனவே காலி: அறுவையின்போது இடுக்கி கார்பஸ் கார்டியாக்கத்தைக் கசக்கி, இருந்ததெல்லாம் அப்போதே கொட்டிவிட்டது. அடுத்த பூச்சியில் உணவுக்குழலைப் பிடித்து நகர்த்துங்கள், சுரப்பியைத் தொடாதீர்கள்.